இரண்டு பேருக்கு மட்டும் ஒரு தீவு

பெர்ஹெந்தியான் தீவில் இரண்டு பேருக்கு அறை எடுத்திருக்கிறேன் என்று சொன்னால், எங்கள் சொந்தத்தில் யாரும் முதலில் கேட்கிற கேள்வி, “அப்ப மத்தவங்க எங்கே தங்குறாங்க?” என்பதாகத்தான் இருக்கும். நாங்கள் எங்கே போனாலும் வேன் பிடித்துத்தான் போவோம். ஓர் அண்டா புளிச்சோறு, அவித்த முட்டை, சுருட்டிய பாய்கள், ஒருவரோடு ஒருவர் பேசாத இரண்டு சம்பந்திகள், வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கிற ஒரு குழந்தை. இது எல்லாம் இல்லாமல் போனால் அது பயணமே இல்லை. அதனால்தான் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. இருபத்தேழு வருடக் கல்யாண வாழ்க்கையில் நானும் என் மனைவியும் தனியாக ஓர் இரவுகூட வெளியூரில் தங்கியதில்லை.

தீவுக்குப் போகவேண்டும் என்று கேட்டது அவள்தான். எனக்கு அந்த மாதிரி யோசனையெல்லாம் வராது. செமோர் பக்கம் ஓர் ஓட்டுத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறவன் நான். லீவு கிடைத்தால் தூங்குவேன்.

அப்பா போன வருடம் ஆனி மாதம் இறந்தார். பக்கவாதம் வந்து ஆறு வருடம் எங்கள் வீட்டு முன்னறையில்தான் கிடந்தார். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி முறுக்கேறிய உடம்பு, படுத்த பிறகும் கனமாகத்தான் இருந்தது. அதைப் புரட்டி, துடைத்து, ஊட்டி, துணி மாற்றிப் பார்த்துக்கொண்டது என் மனைவி. அதற்காகவே கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டாள். நான் ஒரே மகன். கொள்ளி போட்டேன், மொட்டை அடித்தேன், எல்லோரும் என்னைத்தான் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவளிடம், “சாப்பாடு ரெடியாம்மா?” என்று கேட்டார்கள்.

துக்க வருடம் முடியட்டும் என்று ஒரு வருடம் கோயில், கல்யாணம் எதற்கும் போகாமல் இருந்தோம். அதற்குள் ஜொகூர் பாருவில் இருக்கும் மகள் உண்டாகியிருந்தாள். அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையை அம்மாதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். “ஒரு வருஷம் மட்டும்மா.” ஒரு வருடம் என்றால் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் என்று யாருக்குத் தெரியாது!

ஆக, அப்பாவின் வருடம் முடிவதற்கும் பேரப்பிள்ளை பிறப்பதற்கும் நடுவில் இரண்டு, இரண்டரை மாத இடைவெளி. அந்த இடைவெளி என் கண்ணில் படவே இல்லை. அவள் கண்ணில்தான் பட்டது. ஒரு நாள் கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். முகத்தில் கண்ணாடி மாட்டி, வாயில் குழாய் வைத்து, ஒரு பெண் கடலில் குப்புற மிதக்கிறாள். கீழே ஓர் ஆமை, சுற்றிலும் மஞ்சளும் நீலமுமாக மீன்கள்.

“ஒரு தடவை இத பாக்கணும்ங்க. நானு மீன வெட்டித்தான் பாத்திருக்கேன். அது நீந்திப் பாத்ததே இல்ல.”

“பிள்ளைங்கள எல்லாம் கூட்டிட்டு ஒரு நாள் பக்கத்துல பங்கோர் தீவுக்குப் போலாம்லா” என்றேன்.

“இல்ல. நாம ரெண்டு பேரும் மட்டும்.”

சொல்லிவிட்டு, ஏதோ கூடாததைக் கேட்டுவிட்டவள்போல அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு மனசு என்னவோ செய்தது, உண்மை. அந்த வாரமே அறைக்குச் சொல்லி வைத்தேன். மூன்று பகல், இரண்டு இரவு.

எங்கள் இருவருக்குமே நீச்சல் தெரியாது. ஈப்போவைச் சுற்றி வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டைதான். வருடத்துக்கு ஒரு பையனாவது அதில் மூழ்கிப் போவான். தண்ணீர்ப் பக்கம் போனால் கால் ஒடியும் என்று அடித்து வளர்த்த பிள்ளைகள் நாங்கள். மிதவைச் சட்டை போட்டால் போதும், நீச்சல் வேண்டாம் என்று தீவு விடுதிக்காரன் சொன்னான். ஆனாலும் அவள் நம்பவில்லை. கடையில் ஒரு முகக்கண்ணாடியும் குழாயும் வாங்கி வந்து, துணி ஊறவைக்கிற பெரிய பேசினில் தண்ணீர் பிடித்து, தினமும் சாயங்காலம் முகத்தை அமுக்கி மூச்சு விட்டுப் பழகினாள். நான் வேலை முடிந்து வருகிற நேரத்தில் குளியலறை வாசலில் அவளுடைய முதுகு மட்டும் தெரியும், ‘பொர்ர் பொர்ர்’ என்று சத்தம் வரும். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறும். அவளும் தலையைத் தூக்கி, மூக்கின் மேல் சிவப்பாய் வட்டம் விழுந்திருக்க, சிரிப்பாள். “இன்னைக்கு நூறு எண்ணிட்டேன்.” அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டில் சிரிப்பு இருந்தது. அதற்கு முன் எப்போது இருந்தது என்று நினைவில்லை.

“தெவசம் அதுக்குள்ள முடிஞ்சிடும்ல?” என்று ஒருமுறை கேட்டாள்.

“அதெல்லாம் முடிஞ்சிடும்” என்றேன்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். அப்பா இறந்த ஆங்கிலத் தேதியைத்தான் நான் மனதில் வைத்திருந்தேன். மரணச் சான்றிதழில் இருப்பது அது, லீவு கேட்கிற விண்ணப்பப் பாரத்தில் எழுதுவது அது. அந்தத் தேதிக்கு மேலே இரண்டரை வாரம் தள்ளி அறை எடுத்தாயிற்று, கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. தெவசம் ஆங்கிலத் தேதிக்கு வராது, மாதமும் திதியும் பார்த்துத்தான் வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். காலண்டரைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அப்பா ஆனி முதல் வாரத்தில், வளர்பிறை தசமியில் போனார். இந்த வருடம் ஆனியில் வளர்பிறை தசமி மாதக் கடைசியில் வந்தது. சரியாகச் சொன்னால், நாங்கள் தீவில் இருக்கவேண்டிய இரண்டாவது நாள்.

அதைக் கண்டுபிடித்துச் சொன்னது தெலுக் இந்தானில் இருக்கும் என் அக்கா. என்னைவிட ஏழு வயது மூத்தவள். அப்பா படுத்திருந்த ஆறு வருடமும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்து, போர்வை ஏன் அழுக்காக இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போவாள். போனில் தேதியைச் சொன்னாள். “அன்னைக்கா வருது?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன். அக்காவுக்கு அது போதும். என்ன, ஏது என்று கிண்டிக் கிளறி மூன்று நிமிடத்தில் தீவை வெளியே இழுத்துவிட்டாள்.

“பொண்டாட்டிய கூட்டிட்டு மீன் பாக்கப் போறியா? அப்பாவோட மொத தெவசத்து அன்னைக்கா? நல்லா இருக்குலா தம்பி, ரொம்ப நல்லா இருக்கு.”

போனை வைத்ததும் கோயில் ஐயரைக் கூப்பிட்டுத் தீவு விஷயத்தைச் சொன்னேன். அவர் வெகு சாதாரணமாகச் சொன்னார்: “முடியலேன்னா ஆடி அமாவாசைக்குக் கொடுத்திடுங்க. இருபது நாள்தானே தள்ளி வருது. பித்ருக்களுக்கு அதவிட நல்ல நாள் ஏது? தோஷம் ஒண்ணும் இல்லே.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எனக்குப் பூசாரியே கொடுத்துவிட்டார். அக்காவிடம் ஐயர் சொன்னதைச் சொன்னேன். அவள் அழ ஆரம்பித்தாள். அப்பாவுக்கு அன்னைக்குப் பசிக்கும், ஒரே மகன் கை வைக்காவிட்டால் யார் வைப்பார்கள், ஊர் என்ன பேசும். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, அவளே ஒரு வழியும் சொன்னாள்.

“உனக்குக் கடலுக்குப் போகணும், அவ்ளோதானே? லுமுட்ல கடல் இல்லையா? அங்கேயே திதி கொடுத்துடலாம். எல்லாரும் வாரோம். வேன் நான் சொல்லி வைக்கிறேன். முடிச்சிட்டு அப்படியே படகு ஏறிப் பங்கோர் போலாம், அவளுக்கும் மீன் பாத்த மாதிரி ஆச்சு.”

நான் சரி என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று நினைக்கிறீர்கள்? ஒரு கொட்டாவி விடுகிற நேரம்கூட இல்லை.

மனைவியிடம் தேதி மோதிக்கொண்டதைச் சொன்னேன். அறைக்கு வேறு தேதி கேட்டுப் பார்த்தேன், ஆகஸ்ட் முடிய இல்லை என்றும் சொன்னேன், அதுவும் உண்மைதான். அதற்குப் பிறகு மகளுக்கு நாள் நெருங்கிவிடும். ஐயர் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “தெவசம்னா என்ன பண்ண முடியும்” என்றாள். அடுத்த நாள் பேசினில் துணி ஊறிக்கொண்டிருந்தது.

தெவசத்தன்று அவள் விடியுமுன் எழுந்து சமைத்தாள். வாழைக்காய், பாகற்காய், அகத்திக்கீரை, உளுந்து வடை, பாயசம், அப்பாவுக்குப் பிடித்த மொச்சைக் குழம்பு, பதினான்கு பேருக்கு. வேனில் அவளுக்குக் கடைசி இருக்கை, காலுக்கு நடுவில் குழம்புப் பானை. லுமுட் போய்ச் சேரும்வரை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கடற்கரை மரநிழலில் ஐயர் இலை போட்டு உட்கார்ந்தார். நான் வேட்டி கட்டி எள்ளும் தண்ணீரும் இறைத்தேன், பிண்டம் பிடித்தேன், முட்டியளவு கடலில் இறங்கிக் கரைத்தேன். அலை வந்து என்னைத் தள்ளியது. எதிரே பங்கோர் தீவு பச்சையாய்த் தெரிந்தது. திரும்பி வரும்போது அவள் வடையைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா காக்கைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஐயர் தட்சணையை மடித்து வைத்துக்கொண்டே, வாஞ்சையாகத்தான் சொன்னார். “எங்கேயோ தீவுக்குப் போறதா இருந்தீங்களே, போயிருக்கலாமே. ஆடி அமாவாசைக்கு வச்சுக்குங்கன்னு நான் அன்னைக்கே போன்ல சொன்னேனே.”

அவள் கை ஒரு வடையோடு நின்றது. பிறகு அதைத் தட்டில் வைத்தாள், அடுத்ததை எடுத்தாள்.

எல்லோரும் சாப்பிட்டார்கள். பிள்ளைகள் கடலில் குதித்தார்கள். படகுக்குப் போகலாம், இதோ போகலாம் என்று சொல்லிச் சொல்லி மூன்று மணி ஆயிற்று. அக்காவுக்குக் கால் வலித்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. “இன்னொரு நாள் பாத்துக்கலாம்லா” என்று யாரோ சொன்னார்கள், எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. அவள் பாத்திரங்களைக் கடல் தண்ணீரில் கழுவப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

“ஐயர் சொன்னது நெசமா?”

“ம்.”

“அக்காகிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். அழுதாங்க.”

பானையின் அடியில் ஒட்டியிருந்ததை மணலை வைத்துத் தேய்த்தாள். “என்கிட்ட சொல்லல.”

நான் குனிந்து கரண்டிகளை அலசினேன்.

“அக்கா அழுவாங்கன்னு பயந்தீங்க. நான் அழமாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்” என்றாள். குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை. பானையைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள்.

அந்த வாக்கியத்தில் ஒரு பிசகும் கிடையாது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சிரிப்போம். வீட்டில் இளைத்தவளாக அவளை ஆக்கி வைத்தது வேறு யாரும் இல்லை. அக்கா அதட்டினாள், ஊர் பேசியிருக்கும், எல்லாம் சரி. இரண்டு பெண்களில் எவளை நோகடித்தால் எனக்கு நோகாது என்று கணக்குப் போட்டுப் பார்த்தது நான்தான்.

அடுத்த வாரமே ஜொகூர் பாருவுக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னாள். பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. “அவளுக்கு ஒத்தாசையா இருக்கும்” என்றாள். என் சட்டைகளையெல்லாம் இஸ்திரி போட்டு மாட்டினாள். மீன் குழம்பு வைத்து, டப்பாக்களில் ஊற்றி உறைய வைத்தாள். கோபித்துக்கொண்டு போகிறவள் இதையெல்லாம் செய்வாளா என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

பஸ் நிலையத்தில் அவளுடைய பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னலுக்குக் கீழே நின்று, “எப்ப வருவே?” என்று கேட்டேன்.

“எதுக்கு?” என்றாள்.

குத்தலாகக் கேட்கவில்லை, அவள் குத்திப் பேசுகிறவள் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ஏதாவது சொல்வேனா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டும் இருந்தாள். சமையல், துணி, வீடு என்று வாய்க்குள் வந்தவை எதையும் சொல்ல முடியவில்லை, வேறு எதுவும் வரவும் இல்லை. டிரைவர் கதவைச் சாத்தினார்.