யமுனையில் அப்பாவின் ஓவர்கோட்

டெல்லியில் குளிர் வந்துவிட்டது என்பதை நாங்கள் காலண்டர் பார்த்துத் தெரிந்துகொண்டதே இல்லை. கட்டிலுக்கடியில் கிடக்கும் இரும்புப் பெட்டியை அம்மா இழுத்துத் திறந்ததும் வீடெல்லாம் பரவுமே பாச்சை உருண்டை வாசம், அதுதான் எங்களுக்கு அறிவிப்பு. கிட்வாய் நகரின் அந்த இரண்டறை அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வாசம் மூக்கிலேறிய அன்றே “ரஜாய்” என்ற பஞ்சுப் போர்வைகள் மொட்டைமாடி வெயிலுக்குப் போகும், “மங்கி கேப்” தலையில் ஏறும், கடைசியாகப் பெட்டியின் அடியிலிருந்து அப்பாவின் கறுப்பு ஓவர்கோட் வெளியே வரும். திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்த அப்பா, முதல் குளிரில் வெலவெலத்துப்போய் வாங்கிய முழங்கால் நீளக் கம்பளிக் கோட் அது. அதை மாட்டிக்கொண்டால் ஏற்கெனவே பெருத்த உடம்பு இன்னும் ஒரு சுற்றுப் பெருத்துவிடும்.

எங்கள் அம்மாவுக்கு இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றின் மீதுதான் பயம்: சளி. வீட்டுக்குள் திருடன் வந்தாலும், “மொதல்ல கதவைச் சாத்து, காத்து வருதுல்லா” என்றுதான் சொல்லியிருப்பாள். இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. டெல்லியில் குடியேறிய தமிழர்கள் பாதிப்பேர் அப்படித்தான்.

நான் ஆறாவது படித்த வருஷம் அப்பாவின் அக்கா, எங்கள் பெரியத்தை, ஊரிலிருந்து வந்திருந்தார். குளிர்காலத்தில் யமுனைக்குக் கூட்டங்கூட்டமாக வெள்ளைப் பறவைகள் வரும். விடிந்ததும் படகில் போய் அவற்றுக்கு “சேவ்” என்கிற ஓமப்பொடியை இறைப்பது டெல்லிக்காரர்களுக்கு ஒரு திருவிழா. அத்தைக்கு அதைக் காட்டியே தீர்வது என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். படித்துறையில் படகுக்காரர் எங்களைக் கண்ணாலேயே எடைபோட்டு, அப்பாவையும் அத்தையையும் இடப்பக்கம் உட்காரவைத்து, “பாபிஜி, ஆப் உதர்” என்று அம்மாவையும் என்னையும் தம்பியையும் எதிர்ப்பக்கம் தள்ளினார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நான் என்ன, தராசுல வைக்க படிக்கல்லா?” என்றாள். அப்பா குலுங்கிச் சிரித்தார், படகும் சேர்ந்து குலுங்கியது.

படகில் ஆரஞ்சு நிறம் வெளுத்த லைஃப் ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன. பலகை சில்லென்று இருக்கிறதே என்று அத்தை ஒன்றை மடித்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். எனக்கும் தம்பிக்கும் அம்மா மாட்டிவிட்டு, தானும் மாட்டிக்கொண்டாள். அப்பாவுக்குத்தான் சிக்கல். ஓவர்கோட்டுக்கு மேலே ஜாக்கெட்டின் வார் எட்டவே இல்லை. “கோட் உதார் தோ, சாப்” என்று கழற்றச் சொன்னார் படகுக்காரர். அவர் உடம்பிலும் ஜாக்கெட் கிடையாது. அம்மா பதறிவிட்டாள். “கோட்டைக் கழத்தாதீங்க! நெஞ்சுல சளி கட்டிக்கிடும்.” அப்பாவோ, “தாமிரபரணியில முங்கி எந்திரிச்சவனுக்கு இந்தப் பை எதுக்கு?” என்று அதை வார் மாட்டாமல் தோளில் தொங்கவிட்டுக்கொண்டார். குளிருக்குப் பயந்தோம், தண்ணீருக்குப் பயப்படவில்லை.

நடு ஆற்றில் பறவைகள் தலைக்குமேல் கிரீச்சிட்டுச் சுழன்றன. அத்தைக்கு அருகில் காட்ட வேண்டும் என்ற உற்சாகத்தில் அப்பா எழுந்து நின்று, கைநிறைய ஓமப்பொடியை ஓங்கி வீசினார். வீசிய வேகத்தில் அவரும் போய்விட்டார்.

ஐயோ, அந்தச் சத்தம்! தோளில் கிடந்த ஜாக்கெட் முகத்துக்கு ஏறி, தலைவழியாகக் கழன்று, தனியே மிதந்து போனது. நீச்சல் தெரிந்த மனிதர்தான். ஆனால் கம்பளி தண்ணீரைக் குடித்துவிட்டால் நீச்சல் என்ன செய்யும்? கோட் அவரைக் கீழே இழுத்தது. ஒருமுறை முங்கி எழுந்தவர் எப்படியோ படகின் விளிம்பைப் பிடித்தார். படகு அந்தப் பக்கம் சாய்ந்தது. அத்தை “தம்பீ!” என்று அலறி எழுந்தார், நானும் தம்பியும் அப்பாவை நோக்கிப் பாய்ந்தோம். பாய முடியவில்லை. எங்கள் இருவரின் காலரையும் பின்னாலிருந்து அம்மா கொத்தாகப் பிடித்திருந்தாள்.

“ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது! மைனி, உக்காருங்க!” அதுவரை அத்தையிடம் குரலை உயர்த்தியே அறியாதவள் போட்ட அதட்டலில் அத்தை பொத்தென்று உட்கார்ந்தார். அம்மா எங்களைத் தன்னோடு இறுக்கி, எதிர்ப்பக்க விளிம்பில் முழு எடையையும் போட்டு அழுந்தி உட்கார்ந்தாள். கண் மட்டும் அப்பாவின் முகத்தைவிட்டு நகரவில்லை. காலரைப் பிடித்த பிடியும் தளரவில்லை. படகுக்காரர் துடுப்பை நீட்டி, அப்பாவைப் பின்முனைக்கு நகர்த்திக் கொண்டுபோய், கோட்டோடு சேர்த்து உள்ளே இழுத்துப் போட்டார்.

மாலையில் குளியலறையில் அந்தக் கோட்டைப் பிழியும்போதுதான் அம்மா அழுதாள். “நான்தான கழத்தாதீங்கன்னேன், நான்தான” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊர் போய்ச் சேர்ந்த அத்தை சும்மா இருப்பாரா? அடுத்த கல்யாண வீட்டில் நாங்கள் நுழைந்தபோது கதை எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. “கட்டுனவன் தண்ணிக்குள்ள கெடக்கான், இவ பலகையை விட்டு அசையலையே! கல்லு மனசு!” என்று பந்தியிலேயே சொன்னார் அத்தை. அம்மா இலையைப் பார்த்தபடி சாப்பிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்துப் பந்தியிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது: “அக்கா, அவ எந்திரிச்சிருந்தா எனக்குத் திரும்பி ஏறுததுக்குப் படகே இருந்திருக்காது.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம் மாறியது. உடம்போடு ஒட்டி ஜாக்கெட், வாரை இழுத்து மாட்டிய பிறகுதான் படகில் கால், படகு கரை தொடும்வரை யாரும் நிற்கக் கூடாது. சளி பிடித்தால் கஷாயம் இருக்கிறது.

இப்போது அந்தக் குவார்ட்டர்ஸ் இல்லை. இடித்துவிட்டு வானத்துக்குக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். இரும்புப் பெட்டி இல்லை, கோட் இல்லை, அப்பாவும் இல்லை. பறவைகள் மட்டும் தவறாமல் வருகின்றன. போன குளிருக்கு அம்மாவையும் என் மகளையும் யமுனைக்கு அழைத்துப் போனேன். அம்மா தானாகவே ஸ்வெட்டரைக் கழற்றி, ஜாக்கெட்டை மாட்டி, வாரை இரண்டுமுறை இழுத்துப் பார்த்து, அதற்குமேல் சால்வையைப் போர்த்திக்கொண்டாள். நடு ஆற்றில் பறவைகள் இறங்கியதும் நானும் மகளும் உட்கார்ந்தபடியே ஒரே பக்கமாக நகர்ந்துவிட்டோம்.

“நீயும் வாயேன்மா, இங்கேருந்து நல்லாத் தெரியுது” என்றேன்.

அம்மா எதிர்ப்பக்கப் பலகையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க பாருங்கட்டி,” என்றாள். “நான் இந்தப் பக்கம் இருக்கேன்.”