லிஃப்ட் மாப்பிள்ளையின் பாலிஷ் பெட்டி

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் இந்த ஊரில் பாதிப் பேர் என் மரப்பட்டறையில் செய்த கதவைத் திறந்துதான் தங்கள் வீட்டுக்குள் போகிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான். ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது என் தங்கையின் வீட்டுக்காரரைப் பற்றி.

எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் அவர் லிஃப்ட் ஓட்டினார். முக்காலியில் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிற வேலை, இருபத்திரண்டு வருஷம். நாங்கள் வைத்த பெயர் லிஃப்ட் மாப்பிள்ளை. நான் பத்து வாக்கியம் பேசினால் அவர் "ஆமாம் மச்சான்" என்று ஒன்று சொல்வார். அந்த ஒன்று எனக்குப் போதும். தலை நிமிராத மனிதர். அதனால் ஆட்களை அவர் முகத்தை வைத்து அறிந்ததில்லை, ஷூவை வைத்துத்தான் அறிந்திருந்தார். "மூணாம் மாடி வக்கீலுக்கு இடது குதிகால் தேயுது, பாவம், முட்டி வலி போல" என்பார்.

போன வருஷம் ஆளில்லாமல் ஓடுகிற லிஃப்ட் வந்தது. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"என் கடை வாசல்ல நாற்காலி போட்டு உக்காருங்க மாப்பிள்ளை. வர்றவங்களுக்கு வணக்கம் சொன்னா போதும்" என்றேன்.

"இருபத்திரண்டு வருஷம் சொல்லியாச்சு மச்சான்" என்றார். தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை, என் லாரி டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். ரயில் நிலைய வாசலில் ஷூ பாலிஷ் போடுகிறவர்கள் வரிசையில் ஓர் இடம் காலியாம். என் மாப்பிள்ளை அதைக் கேட்டு வைத்திருக்கிறாராம். அந்த வரிசைக்கு அதிகாரி, அங்கே நிலைய கேட்டோரம் முப்பது வருஷமாக பிரஷ் பிடிக்கும் 'கேட் அக்கா'. திங்கட்கிழமை காலை சொந்தப் பெட்டியோடு வந்தால் இடம் அவருக்கு. வராவிட்டால் வேறு ஆளுக்கு.

எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. என் தங்கை புருஷன் கண்டவன் காலடியில் உட்காருவதா? சட்டைப் பொத்தானைக் கூடச் சரியாகப் போடாமல் ஓடினேன்.

அவர்கள் வீட்டு நடையில் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். என் அலமாரி பிணம் மாதிரி மல்லாந்து கிடந்தது. கதவு தனியே, முதுகுப் பலகை தனியே. அதன் மேல் ஏறி உட்கார்ந்து மாப்பிள்ளை ரம்பம் போட்டுக்கொண்டிருந்தார்.

அது சாதாரண அலமாரி இல்லை. தங்கை கல்யாணத்துக்கு நான் தனி ஆளாகச் செய்த முதல் சாமான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. "முழுக்கக் கழுந்தும் காடியும், மரத்துக்குள்ள மரம் பூட்டினது, ஒரு ஆணி கிடையாது" என்று முப்பத்தாறு வருஷமாக அதைத் தட்டிக் காட்டித்தான் பெரிய பெரிய வேலைகளைப் பிடித்தேன். வாடிக்கையாளர்களை அந்த வீட்டுக்கே கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன்.

"யார் கேட்டு இதை அறுத்தீங்க?" என்று கத்தினேன்.

உள்ளேயிருந்து தங்கை வந்தாள். "என்னைக் கேட்டுத்தான். எனக்குக் கொடுத்ததுதானே அண்ணே?"

"என் பட்டறையில மலை மாதிரி மரம் கிடக்கு. ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கேட்டா கொடுத்திருப்பியா?"

கொடுத்திருக்க மாட்டேன். அதனால் பேச்சை மாற்றி மானம், மரியாதை, குடும்பம் என்று ஆரம்பித்தேன். நடுவில் மாப்பிள்ளை, அந்தப் பலகைகளில் முக்கால்வாசி செய்து வைத்திருந்த பாலிஷ் பெட்டியை என் முன்னால் நகர்த்தினார். "மச்சான், ஒரு நிமிஷம் காலை வைங்க. இந்த வீட்டுல ஷூ போட்டவர் நீங்கதான். உயரம் பாக்கணும்."

திட்டிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டேன்! மேலே ஷூ வைக்கிற கட்டை. குதிகால் பக்கம் கொஞ்சம் தாழ்வாக, வழுக்காதபடி பழைய ரப்பர் பாய்த் துண்டு ஒட்டி. அமுக்கினேன். ஆடவில்லை. லிஃப்ட் ஓட்டியவர் கை எப்படி இதை ஆடாமல் நிறுத்தியது என்று குனிந்து பார்த்தேன்.

ஆணிகள். சதுரத் தலை ஆணிகள். நான் எடுபிடியாக இருந்த முதல் பட்டறையைத் தவிர வேறெங்கும் அந்த ஆணியை நான் பார்த்ததில்லை.

என் அலமாரிக்குள் இருந்த ஆணிகள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில் காடி தளர்ந்துபோனது. உள்பக்கமாக ஆணி அடித்து, மரத்தூளையும் பசையையும் குழைத்துத் தலைகளை மூடினேன். அது தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான் என்று இருந்தேன்.

"பதினேழு இருந்துச்சு மச்சான். படிக்கல்லுல வச்சு நிமித்திட்டேன். ஒண்ணு கூட வீணாகல" என்றார் மாப்பிள்ளை. குரலில் கேலி இல்லை. அதுதான் இன்னும் சுட்டது.

"இப்பதான் பாத்தீங்களா?"

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் சொன்னாள்: "கல்யாணமான மாசமே ஒரு ஆணி வெளிய வந்து என் புடவையைக் கிழிச்சுது அண்ணே. இவர்தான் திரும்ப அடிச்சு மூடினாரு."

முப்பத்தாறு வருஷம். நான் அந்த அலமாரியைத் தட்டித் தட்டிப் பேசிய ஒவ்வொரு முறையும் இந்த மனிதர் பக்கத்தில் நின்று "ஆமாம் மச்சான்" என்றிருக்கிறார், என் வாடிக்கையாளர்கள் முன்னாலும்! தரையில் உட்கார்ந்துவிட்டேன். தங்கை தண்ணீர் கொண்டுவந்தாள்.

"மூடி மட்டும் பாக்கி. வேண்டாம்னா நிறுத்திடறேன் மச்சான்" என்றார்.

சுத்தியலை எடுத்து அவர் பக்கம் தள்ளினேன்.

திங்கட்கிழமை நானும் போய்த் தூரத்தில் நின்றேன். கேட் அக்கா பெட்டியைச் சுற்றி வந்து பக்கவாட்டில் ஓங்கி ஓர் உதை விட்டார். பெட்டி அசையவில்லை.

"யார் அடிச்ச ஆணி இது?" என்றார்.

"எங்க மச்சானோடது" என்றார் மாப்பிள்ளை.

"சரி, அந்தத் தூணோரம் உக்காரு."

இப்போது யார் கேட்டாலும் உண்மையைச் சொல்கிறேன்: அந்த அலமாரியில் பதினேழு ஆணி இருந்தது. சந்தேகம் இருந்தால் தூணோரம் போய் ஷூவை வைத்து எண்ணிக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வயதில் அடித்த ஆணி, ஒன்று கூடத் துருப்பிடிக்கவில்லை.