‘ரு’ பக்கம்

காலை ஏழு நாற்பது. நான் முதலில் பார்த்தது ஒரு ஜோடி சாம்பல் நிறக் காலணி.

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு மருத்துவமனையின் நான்காவது மாடி. அறுவை சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருபது ஜோடிச் செருப்புகளாவது ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. அந்த ஒரு ஜோடி மட்டும் சுவரோரமாக, முனை வெளிப்பக்கம் பார்க்க, திரும்பிப் போகத் தயாராக நின்றது. அவள் எனக்கு முன்பே வந்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். போன வருடம் மழைக்காலம், ஒரு புதன்கிழமை.

அவள் ஜப்பான்காரி. இரும்புலியூரில் எங்கள் குடியிருப்பில் எனக்கு நேர் மேல் வீடு. கணவர் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். அவளுக்கு நாற்பது வயது, என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவள். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் தமிழ் கற்றுக்கொண்டதால், “இன்னா அக்கா, நாஷ்டா துன்ட்டியா?” என்றுதான் என்னை விசாரிப்பாள். இருபத்தாறு வருடம் ஒரு நாளிதழில் பிழை திருத்திய எனக்கு, அதைத் திருத்த ஒருநாளும் மனம் வந்ததில்லை.

எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு விளையாட்டு. ஞாயிறு மாலை நாலு மணிக்கு அவர்கள் வீட்டு டிவியில் கரோக்கி போடுவார்கள். இசை மட்டும் வரும், வரிகள் திரையில் ஓடும், மைக்கைப் பிடித்து நாம் பாட வேண்டும். வெறுமனே பாடினால் அவர்களுக்குப் போதாது. ஒருவர் பாடிய பாட்டின் தலைப்பு எந்த எழுத்தில் முடிகிறதோ, அடுத்தவர் அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும். நம் பாட்டுக்குப் பாட்டு போலத்தான். பத்து எண்ணுவதற்குள் பாட்டு கிடைக்காவிட்டால் அவுட். ‘ன்’ என்று முடியும் பாட்டைப் பாடியவரும் அவுட். அந்த எழுத்தில் தொடங்கும் சொல் அவர்கள் மொழியில் கிடையாதாம். எனக்குத் தமிழ்ப் பாட்டு பாட அனுமதி உண்டு, அதன் முதல் வரிதான் தலைப்பு.

முதல் மாதம் முழுக்கத் தோற்றேன். பிறகு ஒரு நீள நோட்டு வாங்கி, எழுத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கிப் பாட்டு சேர்க்க ஆரம்பித்தேன். பழைய தொழில் புத்தி. இரண்டே மாதத்தில் ஒன்று புரிந்தது. ‘ரு’வில் தொடங்கும் பாட்டு அவர்களிடமும் அபூர்வம், நம்மிடமும் அபூர்வம். ஆனால் அதில் முடியும் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. நம் பக்கம் பாரு, யாரு, ஊரு என்று எத்தனையோ. அடுத்த ஆளுக்கு ‘ரு’வைத் தள்ளிவிட்டால் ஆட்டம் முடிந்தது. நானே மாட்டிக்கொண்டால் தப்பிக்க மூன்று ஜப்பானியப் பாட்டுகளைத் தேடிப் பிடித்து, அவர்கள் எழுத்திலேயே படம் வரைவதுபோல் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தை யாருக்கும் காட்டியதில்லை.

அவளுக்கு ‘ரு’ வரும்போதெல்லாம் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் கணவரைத் திரும்பிப் பார்ப்பாள். விரல்களை மடக்கி எண்ணுகிறவர் அவர்தான். ஏழு வரை வேகமாக வருவார். எட்டில் நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அவள் காதருகே எதையோ முணுமுணுப்பார். அவள் பாடிவிடுவாள்.

“சார், இது அழுகுணி ஆட்டம்” என்று ஒருமுறை சொல்லியே விட்டேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஞாயிறும் அதையே செய்தார்.

அந்தப் புதன்கிழமை அவருடைய இதயத்தில் ஒரு வால்வை மாற்ற வேண்டியிருந்தது. ஊருக்குப் போய்ச் செய்துகொள்ள அவகாசமில்லை, விமானத்தில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எட்டு மணிக்குத் தொடங்கினால் ஐந்து மணி நேரமாவது ஆகும். இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துத்தான் அதைச் செய்வார்கள் என்று டாக்டர் காகிதத்தில் படம் போட்டு விளக்கியிருந்தார். தொழிற்சாலையிலிருந்து உதவிக்கு அனுப்பப்பட்ட ஒருவர் கீழே ரத்தத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அவள் பக்கத்தில் நான் மட்டும்.

காத்திருக்கும் கூடத்தில் சத்தம் அணைத்த ஒரு டிவி இருந்தது. அதில் யார் யாரோ வாயசைத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே விடாத மழை. திருநீர்மலை கொஞ்ச நேரம் தெரியும், வெள்ளையாக மூடிக்கொண்டு காணாமல் போகும், மறுபடி தெரியும்போது சற்றுத் தள்ளி நிற்பதுபோல் இருக்கும். மின்சார ரயில்கள் தண்ணீருக்கு அடியில் போகிற மாதிரி ஓசையில்லாமல் போயின. கண்ணாடி தடிமனாக இருந்திருக்கும். ஆனால் அன்று எனக்கு ஊரே தூங்குவதாகவும் அதன் கனவுக்குள் நாங்கள் இருவர் உட்கார்ந்திருப்பதாகவும் பட்டது.

பத்தேகாலுக்கு அவள் என் பக்கம் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். சில்லென்றிருந்தது. ஆறுதல் சொல்ல எங்கள் இருவருக்கும் பொதுவாகப் போதுமான சொற்கள் இல்லை. வேறு வழி தெரியாமல் ஒரு பழைய பாட்டின் முதல் வரியை முனகினேன். ‘மா’வில் முடிகிற வரி. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு மூச்சளவு குரலில் ‘மா’வில் ஒரு பாட்டைத் தொடங்கினாள்.

எதிர் வரிசையில் கோவளம் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். மீன் விற்பவர். படகில் மாட்டி முறிந்த கணவரின் காலுக்கு உள்ளே கம்பி வைத்துக்கொண்டிருந்தார்கள். பத்துப் பாட்டு வரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, அவர் கேட்டார்:

“ஆள உள்ள படுக்க வெச்சிட்டு இங்க கச்சேரி பண்ணிகினு கீறீங்களே, இன்னாமா இது?”

விளக்கினேன்.

“பத்துக்குள்ள பாடணும். அவ்ளோதான? தள்ளிக் குந்து, நானும் வரேன்.”

கூவி விற்றுப் பழகிய குரல். நர்ஸ் இரண்டு முறை எட்டிப் பார்த்து, “அம்மா, இது ஆஸ்பத்திரிம்மா” என்றார். அதன் பிறகு மூவரும் தலைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு பாடினோம். நான் பாடுவேன், அடுத்து ஜப்பான்காரி, அடுத்து அந்த அம்மா, மறுபடி நான். ஒரு பாட்டின் வால் அடுத்த பாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு போயிற்று. மலை வந்தது, போனது. திரையில் இருந்தவர்கள்தான் எங்கள் குரலில் பாடுகிறார்கள் என்று ஒரு கட்டத்தில் தோன்றியது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்தத் தவறைச் செய்தேன். எனக்குக் ‘கா’ வந்தது. யோசிக்கவே இல்லை, பழக்கதோஷம். ‘பாரு’ என்று முடியும் ஒரு பாட்டைப் பாடிவிட்டேன்.

அவள் வலப்பக்கம் திரும்பினாள். அங்கே காலி நாற்காலி.

கோவளத்து அம்மா உற்சாகமாக எண்ணத் தொடங்கினார். “ஒண்ணு, ரெண்டு, மூணு...” ஏழு வரை வந்து, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“அக்கா, பாட்டு நிக்கக் கூடாது” என்றாள் அவள். “நின்னா அவரு...”

முடிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. உள்ளே இதயம் நின்றிருக்கும் நேரத்துக்கு அவள் இங்கே பாட்டை ஓட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு நேரம் போக்கும் வழியாக இருந்ததை அவள் அவருடைய உயிராகக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். அதன் குறுக்கே நான் ‘ரு’வைப் போட்டிருக்கிறேன்.

நோட்டு என் பையில்தான் இருந்தது. அந்தப் பக்கத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தேன். கோணல்மாணலாக நான் வரைந்திருந்த மூன்று தலைப்புகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். இத்தனை மாதம் நான் எப்படித் தப்பித்தேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அக்கா, நீ பெரிய கேடி” என்றாள். சிரித்தாள். கண்ணில் நீர் வழிந்தது. முதல் பாட்டை எடுத்தாள்.

“அதான் பாட்டு வந்துட்ச்சே, அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற?” என்று அந்த அம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். “எனக்கு இன்னா எழுத்து, சொல்லு.”

பன்னிரண்டரைக்கு அந்த அம்மாவின் கணவரை வெளியே கொண்டுவந்து வார்டுக்குத் தள்ளிச் சென்றார்கள். கூடவே ஓடினார். அத்துடன் போய்விடுவார் என்று நினைத்தோம். பதினைந்து நிமிடத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தார். “அது மயக்கத்துல கீது, என் தங்கச்சி பாத்துக்கும். என் மொற வந்துட்ச்சா?”

ஒன்று முப்பத்தைந்துக்குக் கதவு திறந்தது. டாக்டர் தலையிலிருந்த பச்சைத் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். “ஓகேம்மா. ஹார்ட் நல்லா ஓடுது” என்றார்.

அவள் பாதி வரியில் இருந்தாள். நிறுத்தவில்லை. டாக்டரை நிற்க வைத்து, அந்த வரியை முடித்த பிறகே எழுந்து இடுப்பு வரை குனிந்தாள். அவர் ஒன்றும் புரியாமல் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

விதியைப் பிடித்துக்கொண்டு நிற்பதே நேர்மை என்று பழகியவள் நான். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஒரு மனிதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்ததற்கு எனக்குத் தெரிந்த ஒரே பெயர் அழுகுணி ஆட்டம். அந்த நாளுக்குப் பிறகு, எதையாவது எண்ணும் முறை எனக்கு வந்தால் எட்டில் கொஞ்சம் நிற்கிறேன்.

இந்த வருடம் கோடை தொடங்குவதற்கு முன் அவர்கள் ஊர் திரும்பினார்கள். புறப்படும் வாரம் அவர் மெல்லப் படியிறங்கி வந்து, என் நோட்டை ஒரு நாள் இரவல் கேட்டு வாங்கிப் போனார். மறுநாள் அவள் கொண்டுவந்து கொடுத்தாள்.

‘ரு’ பக்கத்தில் இப்போது பதினான்கு பாட்டுகள் இருக்கின்றன. பதினொன்று அவர் கையெழுத்தில்.