ஆய்வில் சேரப் போன கதை

என் வீட்டுக்காரருக்கு மறதி நோயின் ஆரம்பம் என்று பெங்களூர் டாக்டர் சொன்ன அன்று எனக்கு அழுகை வரவில்லை. கொட்டாவிதான் வந்தது. முந்தின வாரம் முழுக்க எனக்கு நைட் ஷிப்ட். டாக்டர் என்னைப் பார்த்து, "சொன்னது புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டார். புரிந்தது என்று தலையாட்டினேன்.

என் வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூருக்கு வந்தவர். லேத்தில் ஆரம்பித்து, கம்ப்யூட்டரில் ஓடுகிற சி.என்.சி. மிஷின் செட்டிங் வரைக்கும் கற்றுக்கொண்டவர். நான் நாகரசம்பட்டிக்காரி, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் போர்டு சோதிக்கிற வேலை. மகள் கல்யாணமாகி சேலத்தில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

முதலில் அவர் மிஷினில் தப்பான அளவைப் போட்டு, ஒரு தட்டு முழுக்க உருப்படிகளை வீணாக்கினார். பிறகு அதே தப்பை மறுபடியும் செய்தார். கம்பெனியில் நல்ல மாதிரியாகவே பேசி ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஓசூரில் பார்த்த டாக்டர், டென்ஷன், தூக்கமில்லை என்று மாத்திரை கொடுத்தார். ஒரு நாள் சிப்காட் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, எந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறவேண்டும் என்று என்னிடமே போனில் கேட்டார். அதற்குப் பிறகுதான் பெங்களூர்.

பெங்களூர் டாக்டர்தான் ஆய்வைப் பற்றிச் சொன்னார். அது வைத்தியம் இல்லை, ஒரு புது மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள், இஷ்டமிருந்தால் கேட்டுப் பாருங்கள் என்றார். நோய் முற்றியவர்களை அதில் சேர்க்க மாட்டார்களாம். "ஆரம்பத்துல இருக்கறவங்கதான் வேணும். தானே யோசிச்சு, சரின்னோ வேண்டாம்னோ சொல்லத் தெரிஞ்சவங்களா இருக்கணும்."

ஒரு ஆளுக்கு நோய் இன்னும் பெரிதாகவில்லை என்பது அங்கே ஒரு தகுதி. அதைக் கேட்டதும் இவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஸ்டோருக்கு மாற்றின நாளிலிருந்து அந்த முகத்தை நான் பார்த்திருக்கவில்லை. அதற்காகவே சரி, கேட்டுப் பார்க்கலாம் என்றேன்.

பல தடவை போகவேண்டியிருந்தது. ஷிப்ட் மாற்றிக்கொண்டு, கூட வேலை செய்கிறவளிடம் கெஞ்சி, காலையில் சோறு கட்டிக்கொண்டு கிளம்புவோம். அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் பஸ் நகராமல் நின்றுவிடும். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து லாரி நம்பர்களைப் படித்துக்கொண்டே வருவார். நான் அவர் தோளில் சாய்ந்து தூங்குவேன். நான்தான் அவரைப் பார்த்துக்கொள்ளவேண்டியவள். ஆனால் இறங்கும் இடம் வந்துவிட்டது என்று அவர்தான் என்னை எழுப்புவார். சில நாள் சரியான இடத்தில், சில நாள் தப்பான இடத்தில்.

ஆய்வுப் பிரிவில் எங்களிடம் பேசியது ஒரு கன்னடப் பெண். தமிழ் கலந்து பேசினாள். அவரைப் பற்றி அவள் கேட்டதற்கெல்லாம் நான் முந்திக்கொண்டு பதில் சொல்ல, கையைக் காட்டி நிறுத்தினாள். "மேடம், நீங்க அல்ல. சார்தான் ஹேளபேக்கு, அவர்தான் சொல்லணும்."

அவர் கேட்டார்: "இந்த மருந்து எனக்குக் கேக்குமா?"

"கேரண்டி இல்ல சார். சில பேருக்கு நிஜமான மருந்தே இருக்காது, சும்மா மருந்து. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது."

"பெறவு யாருக்குத்தான் லாபம்?"

"பின்னாடி வர்றவங்களுக்கு இருக்கலாம்."

அவர் மேஜையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மிஷின்ல புது ஜாப் போட்டா மொதப் பீஸு ஸ்கிராப்பாத்தான் போவும். அதப் பாத்துத்தான் அடுத்த பீஸச் சரி பண்ணணும். எனக்குச் சம்மதம்."

நோயாளியுடன் ஒரு துணை ஆளும் வேண்டும், துணை இல்லாதவரைச் சேர்ப்பதில்லை என்றாள். கூடவே இருந்து, அவர் தினப்படி எப்படி இருக்கிறார் என்று சொல்லத் தெரிந்த ஆள். அது நான். என்னைத் தனி அறையில் உட்காரவைத்துக் கேட்டார்கள். சில்லறை எண்ணுகிறாரா? கேட்டதையே திருப்பிக் கேட்கிறாரா? வழி தவறியிருக்கிறாரா? கதவுக்கு அந்தப் பக்கம் அவர் ஐந்து சொற்களை ஞாபகம் வைத்துச் சொல்ல முயன்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கம் நான் அவருடைய ஒவ்வொரு தடுமாற்றத்தையும் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும், "என்னட்டி, உன்ட்ட என்ன கேட்டாங்க?" என்றார். "வீட்டு வெவரம்தான்" என்றேன்.

ஞாபகச் சோதனையில் மார்க் ரொம்ப நன்றாக இருந்தாலும் ஆகாது, ரொம்ப மோசமானாலும் ஆகாதாம். அவருடையது இடையில் நின்றது. வயது சரி, ரத்தம் சரி, சர்க்கரை கட்டுக்குள். எல்லாம் சேர்ந்து வருவதைப் பார்த்து எனக்குக்கூட ஆசை வந்துவிட்டது.

அப்புறம் எம்.ஆர்.ஐ. அந்த ஸ்கேன் இல்லாமல் ஆய்வில் சேரமுடியாது, பிறகும் அடிக்கடி எடுக்கவேண்டியிருக்கும். அறைக்கு வெளியே ஒரு ஆள், உடம்புக்குள் இரும்பு ஏதாவது உண்டா, உலோக வேலை பார்த்தவரா என்று கேட்டார். இவர் சந்தோஷமாகத் தன் வேலையைச் சொல்லத் தொடங்கினார். கிரைண்டிங்கில் ஒருமுறை கண்ணில் தூள் தெறித்து, ஆஸ்பத்திரியில் எடுத்ததையும் சொன்னார். உடனே கண்ணுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். அன்றைக்கு அந்த இரும்புத் தூளை முழுதும் எடுத்திருக்கவில்லை. ஒரு துணுக்கு உள்ளேயே தங்கியிருந்தது. ஸ்கேனின் காந்தம் அதை இழுத்தால் கண் போய்விடும் என்றார் டாக்டர். அந்த மருந்து ஆய்வில் அவரைச் சேர்க்கமுடியாது.

"ரிஜெக்டா?" என்று கேட்டார். உருப்படியை அளந்து பார்த்துவிட்டு வாழ்நாளெல்லாம் அவர் சொன்ன சொல்.

அந்தப் பெண், "அப்படி ஹேளபாரது சார், சொல்லக் கூடாது" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டார்: "ஸ்கேனு என்னைக்குன்னு சொன்னாங்க?" நான் விஷயத்தைச் சொன்னேன். முகம் சுருங்கிப்போனது. எலக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். மறுபடி அதே முகம். வீட்டில் காபி குடிக்கும்போதும், மறுநாள் ஷேவ் செய்யும்போதும் கேட்டார். ஒரே சேதி, ஒவ்வொரு தடவையும் அவருக்குப் புதுசு. கடைசியில் என்னால் முடியவில்லை. "ஸ்கேனு வேணாம்னுட்டாங்க" என்று மட்டும் சொல்லப் பழகினேன். அதற்கு அவர், "அப்ப நல்லதுதான்" என்றார். பொய்யும் இல்லை, முழு நிஜமும் இல்லை. அன்றைக்குத்தான் சரியாகத் தூங்கினேன்.

மழை தொடங்கின சமயத்தில் அந்தப் பெண் போன் செய்தாள். வேறொரு ஆய்வு இருக்கிறது, மருந்து கிடையாது, ஸ்கேனும் கிடையாது, வருஷக்கணக்கில் வந்து பேசவேண்டும், பரிசோதனைகள் செய்துகொள்ளவேண்டும், அவ்வளவுதான் என்றாள். நோய் இல்லாதவர்களும் அதற்கு வேண்டுமாம், ஒப்பிட்டுப் பார்க்க. "மேடம், நீங்களும் சேரலாம். ஆனா உங்களை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் உங்களைப் பத்திச் சொல்லணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. என்னை நன்றாகத் தெரிந்தவர் பக்கத்து அறையில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இப்போது வேண்டாம் என்றேன். அவரை மட்டும் கூட்டிப் போனேன்.

இந்தத் தடவையும் அவரிடம்தான் சம்மதம் கேட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை என்றார்கள். அவர் கேட்டார்: "எனக்கு வெவரம் போயிருச்சுன்னா? அப்ப வேணும் வேண்டாம்னு எப்படிச் சொல்லுவேன்?"

அந்தப் பெண் அவரைப் பார்த்துச் சொன்னாள்: "அப்போ உங்க சார்பா யார் பேசணும்னு இப்பவே சொல்லி வைக்கலாம் சார்."

"இவதான்" என்று என்னைக் காட்டினார். "இவ நிறுத்துன்னா நிறுத்திருங்க. தொடருன்னா தொடருங்க. இப்ப நான் தெளிவா இருக்கேன், சொல்லுதேன்."

அந்தப் பேச்சை என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. மறுக்க இடமில்லாமல் சொல்லிவிட்டார். சமையல், ஷிப்ட், மாத்திரை, பஸ் எல்லாவற்றுக்கும் மேலே, ஒருநாள் அவருக்காக யோசிக்கிற வேலையும் என் தலையில் வந்து உட்கார்ந்தது. கோபமா பயமா என்று தெரியவில்லை. "சரி" என்றேன்.

இப்போதும் போய்க்கொண்டிருக்கிறோம். போன தடவை ஐந்து சொற்களில் ஒன்றைத்தான் அவரால் சொல்லமுடிந்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து கட்டிவந்த எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தோம். "நல்லா இருக்கு, யார் செஞ்சா?" என்றார். "நான்தான்" என்றேன். "அடுத்த தடவையும் இதையே கொண்டா" என்றார். எனக்குக் கால் வலித்தது. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.