கயாக்கின் முனைக்குள்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் யாரும் அன்று அந்த ஏரித் தண்ணீருக்குள் இருக்கவில்லை. நான் இருந்தேன்.

மறுநாள் காலை எனக்கு மீட்புப் படையில் சேர்வதற்கான தேர்வு. நடுத்தண்ணீரில் கயாக் என்ற ஒற்றையாள் படகைக் கவிழ்த்து, யார் துணையும் இல்லாமல் நிமிர்த்தி, மறுபடி ஏறி உட்கார வேண்டும். எனக்கு அது மட்டும் வரவே இல்லை. ஏறப் போனால் படகு உருண்டு என்னைத் தண்ணீரில் தள்ளிவிடும். அக்கா வீட்டுக்காரர் அந்தப் படையில் பழைய ஆள். அவரைக் கெஞ்சிக் கூத்தாடி ஏரிக்குக் கூட்டிப் போயிருந்தேன்.

அத்தான் படகுத்துறையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்.

"உனக்கு வாத்துன்னு பட்டப்பேரு வச்சதுக்கு நீந்தவாவது தெரியுதே. போ, போய்க் கவிழு."

மாலை ஆறேகால். வெளிச்சம் இருந்தது. காற்று இல்லை. எங்கள் இருவரைத் தவிர அங்கே ஒரு ஈ காக்கை இல்லை.

கவிழ்ந்தேன். நழுவி வெளியே வந்தேன். குப்புற மிதந்த கயாக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன்.

டொக்.

படகுக்கு உள்ளிருந்து வந்தது. துடுப்பு இடித்திருக்கும் என்று நினைத்தேன். துடுப்பு என் கையில் இருந்தது.

டொக்... டொக்.

அவசரமாக நிமிர்த்தினேன். உள்ளே தண்ணீர்தான். வயிற்றால் படகின் மேல் ஊர்ந்து ஏறினேன். அது ஆடவே இல்லை. எதிர்ப்பக்கத்தை யாரோ அழுத்திப் பிடித்திருப்பது போல அசையாமல் நின்றது. அட, வந்துவிட்டதே! சந்தோஷத்தில் திரும்பி உட்கார்ந்து, முன்னால் குறுகலாக மூடியிருக்கும் முனைக்குள் கால்களை நீட்டினேன்.

பாதங்கள் எதிலோ முட்டின.

மெத்தென்று. சில்லென்று.

இரண்டு உள்ளங்கால்கள். என் உள்ளங்கால்களோடு ஒட்டி. விரலுக்கு விரல்.

இழுத்தேன். கால் வரவில்லை. கணுக்காலைச் சுற்றி எதுவோ இறுகியது.

"அத்தான்!"

அவர் எழுந்து நின்றார். கூப்பிடு தூரம்தான்.

படகு மெதுவாகச் சாய்ந்தது. நான் சாய்க்கவில்லை.

தலை தண்ணீருக்குள்.

பச்சை இருட்டு... வாய் நிறையத் தண்ணீர்... கைக்கு எதுவும் அகப்படவில்லை. ஒரே ஒரு தடவை எம்பி, முகத்தை வெளியே கொண்டுவந்தேன். சத்தம் வரவில்லை. அத்தான் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

உட்கார்ந்துவிட்டார்.

மறுபடி உள்ளே...

உள்ளே...

அந்தப் பிடி தானாகத்தான் விட்டது. நான் எதுவும் செய்யவில்லை. செய்ய முடியவில்லை.

எப்படிக் கரை சேர்ந்தேன் என்று தெரியாது. படியில் விழுந்து தண்ணீராக வாந்தி எடுத்தேன். ஓடிவந்து தூக்கியவரின் நெஞ்சில் குத்தினேன்.

"செத்துட்டிருந்தேன்! பார்த்துட்டே உக்காந்துட்டீங்க!"

அத்தானின் முகம் வெளுத்தது. "நான் குதிக்கத்தான் போனேன். நீதானே வேணாம்னு கத்தினே?"

"எப்போ?"

"உன் தலை உள்ள போனதும். உன் குரல்தான்... சிரிச்சுக்கிட்டே சொன்னே."

"என்ன சொன்னேன்?"

அவர் ஏரியைப் பார்த்தார். என்னோடு கவிழ்ந்த கயாக் இப்போது நிமிர்ந்து மிதந்துகொண்டிருந்தது.

"'வராதீங்க அத்தான்... நான் ஏறிட்டேன்'னு."