என் வயிறு வேறு, பேத்தி உடம்பு வேறு

போன செவ்வாய்க்கிழமை தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தேன். பக்கத்துத் தெரு ஆட்டோக்காரர் வாசலில் தலையை நீட்டி, "வசந்தா சிஸ்டர் போய்ட்டாங்கண்ணே" என்றார். "எங்க, படவேட்டு அம்மன் கோயிலுக்கா? எனக்கும் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கியாரச் சொல்லு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டதாம். அந்தக் கேலியை நினைத்தால் இன்னும் எனக்கு நாக்கு கூசுகிறது.

இங்கே கூடியிருக்கும் நம் தெருக்காரர்களில் அவர் கையால் ஊசி போட்டுக்கொள்ளாதவர் யாரும் இருக்கமாட்டார்கள். அரசாங்க நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், பிரஷர் பார்க்கும் கருவியை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வருவார். அவர் தெருமுனையில் திரும்பியதும் நான் குரல் கொடுப்பேன்: "ஊசிமுனை வந்துகினு இருக்குது, பசங்கள ஒளிச்சு வைங்க!" அவர் நடையை நிறுத்தாமலே, "மொதல்ல நீங்க ஒளிஞ்சிக்கங்கண்ணே. போன மாசம் ஊசிக்கு அழுதது நீங்கதான்" என்பார். அது உண்மைதான்.

ஒரு டம்ளர் பால் குடித்தால் என் வயிறு உப்பிக்கொள்ளும், இரையும், பிறகு ஓடவைக்கும். வாயு என்று சொல்லிப் பல வருடம் இஞ்சிச்சாறு குடித்தேன். ஒருநாள் அவர் உட்காரவைத்து விசாரித்தார்.

"குடிச்சு எவ்ளோ நேரத்துல?"

"ஒரு மணி நேரம் ஆவும்."

"உடம்புல தடிப்பு, அரிப்பு, மூச்சு வாங்குறது?"

"அதெல்லாம் கெடையாது. சத்தம்தான். தறிச்சத்தமே கேக்காது."

சிரித்துவிட்டார். "பால்ல ஒரு சர்க்கரை இருக்குது. அத உங்க கொடலு ஒடைக்க மாட்டேங்குது. பேஜாருதான், ஆபத்து இல்ல. பாலக் கொறைச்சிக்கங்க. தயிரு, மோரு தாங்கும்."

தாங்கியது. அன்றிலிருந்து நானே பாதி டாக்டர் ஆகிவிட்டேன். யாருக்குப் பால் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மோர் குடிக்கச் சொன்னேன்.

பிறகு என் பேத்தி பிறந்தாள். பத்து மாதத்தில் பசும்பால் கொடுத்தபோது உடம்பெல்லாம் தடித்தது. டாக்டர் அலர்ஜி என்று சொல்ல, மருமகள் கவிதா பால், தயிர், நெய் எதையும் குழந்தை பக்கத்தில் வரவிடவில்லை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. தாத்தா வயிறுதான் பேத்திக்கும் வந்திருக்கிறது, பால் ஆகாது, மோர் ஆகும் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த ஆடி வெள்ளியில் நம் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அண்டாவில் மோர் கலந்துதான் கரைப்போம் என்பது உங்களுக்குத் தெரியும். கவிதா வீட்டுக்குள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குழந்தை என் இடுப்பில். அம்மன் கூழை வேண்டாம் என்று யார் சொல்வது? விரலில் தொட்டு அவள் நாக்கில் இரண்டு முறை வைத்தேன். சப்புக்கொட்டினாள். எனக்குப் பெருமை.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உதடு வீங்கியது. கழுத்தில் சிவப்பாகத் தடிப்பு ஏறியது. வாந்தி எடுத்தாள். மூச்சில் விசில் போல ஒரு சத்தம். வரிசையில் நின்றிருந்த சிஸ்டர் தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"இன்னா குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலயே" என்றுதான் என் வாயில் முதலில் வந்தது.

என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "வெக்கப்படறத அப்புறம் வெச்சிக்கலாம். ஜல்தி சொல்லுங்க."

அவர் காதோரம், "கூழு" என்றேன்.

ஆட்டோவில் குழந்தையை அவரே மடியில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலிலேயே, "பால் அலர்ஜி! மோர்க்கூழு உள்ள போயி பத்து நிமிஷம், மூச்சு இழுக்குது!" என்று கத்தினார். டாக்டர் வேறு எதுவும் கேட்காமல் தொடையில் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த விசில் சத்தம் அடங்கியது. மறுநாள் காலைவரை வைத்திருந்து அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைத் தனியாக நிறுத்தி அவர் சொன்னது இது: "அண்ணே, உங்களுக்கு செரிக்கல, அவ்ளோதான். இவளுக்கு அப்படி இல்ல. பால்ல இருக்குற புரதத்த எதிரின்னு நெனச்சிகினு உடம்பே சண்டைக்கு நிக்குது. பாலு தயிரானாலும் மோரானாலும் அந்தப் புரதம் அதுலயேதான் கீது. உங்களுக்கு ஜாஸ்தியானா வயிறு சத்தம் போடும். இவளுக்கு ஒரு சொட்டுக்கே மூச்சு நின்னுடும்."

"அம்மன் கூழாச்சேன்னு..."

"அம்மன் மேல போடாதீங்க. மோரு ஊத்துனது நம்ம கை."

கூழைக் கொடுத்தது யார் என்று வீட்டில் கேள்வி வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கரண்டி பிடித்து ஊற்றிய எதிர்வீட்டு சரோஜாதான் கொடுத்திருப்பாள் என்று கவிதாவாகவே நினைத்துக்கொண்டாள். அன்றோடு அந்த வீட்டோடு பேச்சு நின்றது. சிஸ்டருக்கு உண்மை தெரியும். "நீங்களே சொல்லிடுங்கண்ணே, நான் சொல்லமாட்டேன்" என்று ஒரே முறை சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடியிலும் என்னைப் பார்ப்பார், அவ்வளவுதான். நான் ஏதாவது கிண்டல் செய்வேன். அந்த ஒரு நாள் மட்டும் அவர் சிரிக்கமாட்டார். ஆறு ஆடி அப்படியே போனது.

அவரை எடுத்துப்போன அன்று சாயங்காலம், தலை முழுகிவிட்டு வந்து கவிதாவிடம் சொன்னேன்.

செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே வைத்தாள். பிறகு கேட்டாள். "மோரு ஊத்தியிருக்குன்னு தெரிஞ்சேவா மாமா?"

"தெரியும்மா. மோரு ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன்."

"சரோஜாக்கா பொண்ணு கல்யாணத்துக்குக்கூட நான் போவல மாமா."

மறுநாள் எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேரும் போய் நின்றோம். சரோஜா உள்ளே கூப்பிட்டாள். நான் உள்ளே போகவில்லை, வாசலில் நின்றே சொன்னேன். கவிதா இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. பேசவேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை.

சிஸ்டரிடமிருந்து என்னிடம் இருப்பது, மணிக்கட்டில் விழுந்த அந்தப் பிடி ஒன்றுதான். எழுபது வருடத்தில் என்னிடமிருந்து உண்மையை உடனே வாங்கிய ஆள் அவர் ஒருவர். அதனால்தான் என் பேத்தி இன்றைக்குப் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.