உச்சிக்குழி

பச்சைக் குழந்தையின் தலையில், நெற்றிக்குச் சற்று மேலே எலும்பு இன்னும் கூடாத இடத்துக்கு உச்சிக்குழி என்று பெயர். உச்சி என்றால் தலையின் மேற்புறம். விரலுக்கு லேசான பள்ளமாகப் படுவதால் குழி. எங்கள் பக்கம் அதில் தினமும் எண்ணெய் வைப்பார்கள். பிள்ளையைத் தூக்குகிறவர்கள் முதலில் அங்கேதான் மோந்து பார்ப்பார்கள். என் மூத்த பிள்ளை, மகன், பால் குடிக்கும்போது அந்த இடம் மெல்ல எழுந்து தாழ்வதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்போது அவனுக்கு ஏழு மாதம். சுருளிப்பட்டியில் இருந்தோம். பங்குனி வெயில். முந்தின நாளிலிருந்து அவனுக்கு வயிற்றுப்போக்கு. காலையில் எண்ணெய் வைக்கப் போன என் விரல் உள்ளே இறங்கியது. என் கணவரின் அக்காவைக் கூப்பிட்டேன்.

"ஆத்தாடி, உச்சி விழுந்திருச்சு! அதான் வயிறு நிக்க மாட்டேங்குது" என்றார்.

விளக்கெண்ணெயில் நனைத்த துணியை உச்சியில் போட்டோம். குழி எழும்பட்டும் என்று அவர் பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டு அண்ணத்தை மேலே தள்ளினார். அவன் கத்தினான்.

"கண்ணுல ஒரு சொட்டு இல்ல பாரு. வேசம் போடுறான், களவாணிப் பய" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

"தண்ணி மட்டும் காட்டிராத. உள்ள போனா அப்பிடியே வெளிய வந்துரும். பாலையும் நிறுத்து. எங்க பெரியவுக அப்பிடித்தான் சொன்னாக."

நான் எட்டாவது வரை படித்தவள். எலும்புகளின் பெயர்களை ஒப்பித்துப் பரிசு வாங்கியிருக்கிறேன். எதிர்த்து ஒன்றும் கேட்கவில்லை.

மதியம் ஈரத் துணியால் அவன் முகத்தைத் துடைத்தேன். துணியின் முனையை வாயால் கவ்வி உறிஞ்சினான். நான் பிடுங்கிவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் வண்டி கட்டிக் கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் எண்ணெய்த் துணியை எடுத்துப் போட்டார்.

"தண்ணி குடுத்தீகளா?"

"இல்லீங்க."

"குழி விழுந்ததால வயிறு போகலம்மா. வயிறு போயி, உடம்புல தண்ணி வத்தித்தான் குழி விழுந்திருக்கு."

கரண்டியால் வாயில் தண்ணீர் விட்டார்கள். கடைவாயில் வழிந்தது. பிற்பகலில் போய்விட்டான்.

அக்கா அதன்பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. அவரை நான் ஒரு சொல் சொன்னதில்லை. துணியைப் பிடுங்கியது என் கை.

ஐந்து வருஷம் கழித்துப் பிறந்த மகளுக்கு இப்போது எட்டு வயது. அவளுக்கு ஒன்றரை வயதிலேயே எலும்பு கூடிவிட்டது. இருந்தும் தலை வாரும்போது என் விரல் அங்கே போய் நின்றுவிடுகிறது.

"அங்கன ஒண்ணுமில்லம்மா. சடையப் போடு, பள்ளிக்கொடத்துக்கு நேரமாச்சு" என்கிறாள்.

சடை போடுவதற்கு முன் ஒரு செம்புத் தண்ணீரை அவள் கையில் கொடுக்கிறேன். தாகமில்லை என்று அவள் சொல்வதில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே முழுதும் குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்துக் காட்டுகிறாள்.